அம்மாவும் நானும் எழுதிய கணக்குப் பரீட்சை

"செருப்பு போட்டுனு மலைய சுத்தறீங்களே, நல்லா இருக்குதா இது?"

கேட்டது யாரோ ஒரு வெளியூர் அம்மாள். ஈரம் காயாத தலைமுடி, கையில் விபூதிப் பொட்டலம், வெறுங்கால். பௌர்ணமிக் கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தவர், என் அம்மாவின் காலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அம்மா நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னாள்: "நாங்க சுத்தலைங்க. பரீட்சைக்குப் போறோம்."

அந்த அம்மாள் என் கையிலிருந்த பரீட்சை அட்டையைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். அங்கேயும் அதே மாதிரி ஓர் அட்டை இருந்தது.

"பொண்ணுக்கா பரீட்ச?"

"ரெண்டு பேருக்கும்."

அரோகரா என்று சொல்லிக்கொண்டு கூட்டம் அவரை முன்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அக்டோபர். முந்தின நாள்தான் பௌர்ணமி. விடிந்தும் கூட்டம் குறையவில்லை. டவுனுக்குள் பஸ் விடமாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். அடி அண்ணாமலையிலிருந்து டவுன் பள்ளிக்கூடம் வரை நடப்பதைத் தவிர வேறு வழியில்லை. கற்பூரப் புகை, சுண்டல் வாசனை, மிதிபட்ட வாழைப்பழத் தோல். அதற்கு நடுவில் அம்மா, "ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கு ஒரு வாசகி, "உங்களுக்குப் பிடித்த பாடம் எது, பிடிக்காத பாடம் எது?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தக் காலை நேரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நீலப் பென்சில்

பிடித்தது புவியியல். அதில் சந்தேகமே இல்லை.

சமூக அறிவியல் புத்தகத்தில் முன்பாதி வரலாறு, பின்பாதி புவியியல். புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் நான் பின்னாலிருந்துதான் பிரிப்பேன். கடையில் வெறும் கோட்டோடு இந்தியா மேப் விற்பார்கள். அதை வாங்கிவந்து, கடலோரம் முழுக்க நீலப் பென்சிலால் மெல்லத் தேய்த்து, பஞ்சால் ஒத்தி எடுத்தால் கடல் நிஜமாகவே ஈரமாக இருப்பதுபோல் தெரியும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பழுப்பு. கரிசல் மண்ணுக்கு அழுத்திய கறுப்பு. செம்மண்ணை வரையும்போது மட்டும் எனக்குத் தனிச் சந்தோஷம், எங்கள் வீட்டு வாசலே அந்த நிறம்தான்.

பக்கத்து பெஞ்சுப் பெண்கள் எல்லோரும் தங்கள் மேப்பை என்னிடம் கொடுத்துவிடுவார்கள். கங்கையை வளைத்து விடுவது எல்லோருக்கும் வராது. எனக்கு வரும். பார்த்த கோட்டை அப்படியே கை வாங்கிக்கொள்ளும்.

பார்த்தாலே தெரிகிறதே

பிடிக்காதது கணக்கு. கணக்குப் பீரியட் வந்தால் எனக்கு வயிறு வலிக்கும். பொய் வலி இல்லை, நிஜமாகவே வலிக்கும். பீரியட் முடிந்து மணி அடித்ததும் நின்றுவிடும்.

கணக்கு டீச்சர் நல்லவர்தான். அடித்ததில்லை. ஆனால் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமம் என்று நிரூபி என்பார். எனக்குப் புரியவே புரியாது. பார்த்தாலே சமமாகத்தானே இருக்கிறது? இதில் நிரூபிக்க என்ன இருக்கிறது?

பத்தாவது பரீட்சையில் சமூக அறிவியலில் வகுப்பிலேயே முதல் மார்க் நான். கணக்கில் இருபத்து மூன்று. பாஸ் ஆக முப்பத்தைந்து வேண்டும்.

அப்பா திட்டவில்லை. கிரிவலப் பாதையில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. சோடா, கற்பூரம், வாழைப்பழம், பௌர்ணமிக்கு மோர். சோடா கிரேட்டை இறக்கிவைத்தபடியே, "கணக்கு ஒண்ணுதானே போச்சு" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் அந்த வாரமே பெரியப்பா வந்தார்.

கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன் மட்டுமல்ல. சிறு வயதில் பெற்றோரை இழந்த அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர். அப்பா அவர் முன்னால் உட்கார மாட்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"ஃபெயில் ஆன பொண்ண வூட்ல வச்சினு இன்னா பண்ணப் போற?" என்றார் பெரியப்பா. "கீழ்பென்னாத்தூர்ல ஒரு பையன் இருக்கான். மல்லாட்ட போடறாங்க. சொந்தமா வேன் ஓட்டறான். நல்ல எடம்டா."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. நான் கடைக்குள் சரக்கு அடுக்கும் பலகைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த ஊதுபத்திக் கட்டு நசுங்கிப்போனது எனக்கே தெரியவில்லை.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அது சரி என்பதற்கா, யோசிக்கிறேன் என்பதற்கா என்று சொல்ல முடியாது.

அம்மாதான் பேசினாள். அம்மா பெரியப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்டோபர்ல திரும்ப எழுதட்டும் மாமா. அப்பவும் பாஸ் ஆவலன்னா நீங்க சொல்ற மாதிரி செய்யலாம்."

பெரியப்பாவும் சரி என்றார். வெற்றிலையை மடித்தபடி, "பாக்கலாம்" என்றார். அவர் பார்த்த பார்வையிலேயே எனக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது.

அம்மாவுக்கும் பள்ளிக்கூடம் ஒன்பதாவதில் நின்றுபோனதுதான். என் வயதில் அவள் இந்த வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அதை அவள் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்குப் பெரியப்பாவிடம் பேசும்போது அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

கடைசி பெஞ்ச்

டவுனில் ஒரு டுட்டோரியல். கீழே சைக்கிள் டயர் பஞ்சர் ஒட்டும் கடை, மேலே மாடியில் வகுப்பு. ரப்பர் சொல்யூஷன் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வரும். ஃபெயில் ஆனவர்கள் எல்லோருக்கும் அதுதான் கதி.

"சாயங்கால கிளாஸு. ஆம்பளப் பசங்க ஜாஸ்தி. தனியா எப்பிடி அனுப்பறது?" என்றார் அப்பா.

"நான் கூடப் போறேன்" என்றாள் அம்மா.

அப்படித்தான் அவள் வந்தாள். எனக்குத் துணையாக. கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். ஒயர் கூடையிலிருந்து முருங்கைக்கீரையை எடுத்து மடியில் வைத்து ஆய்வாள். கணக்கு எடுத்த சேகர் சார் சின்ன வயசுக்காரர், அரசு வேலைக்குத் தானும் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவர். கீரையைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார்.

ஒரு நாள் காரணிப்படுத்துதல் நடந்துகொண்டிருந்தது.

"பெருக்கினா பன்னெண்டு வரணும். கூட்டினா ஏழு வரணும். எந்த ரெண்டு நம்பர்?"

பையன்கள் ஃபேனைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"மூணும் நாலும்."

பின்னாலிருந்து வந்தது. மொத்த வகுப்பும் திரும்பியது. அம்மா தலையைக் குனிந்து கீரைக்குள் புகுந்துகொள்ளப் பார்த்தாள்.

"யக்கா, நீங்களா சொன்னது?"

"தெரியாம சொல்லிட்டேன் சார்."

"தெரிஞ்சிதான் சொல்லியிருக்கீங்க. இதச் சொல்லுங்க. பெருக்கினா இருபது, கூட்டினா ஒம்போது."

"நாலும் அஞ்சும்."

"பெருக்கினா மைனஸ் பன்னெண்டு, கூட்டினா மைனஸ் ஒண்ணு."

அம்மா விரலை மடக்கிப் பார்த்தாள். "அது எனக்கு வராது சார். அது நடத்தறதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சார் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் எங்களிடம் வந்தார்.

"எட்டாவது பாஸ் பண்ணியிருக்கீங்க இல்ல? பிரைவேட்டா பத்தாவது எழுதலாம்க்கா. சும்மாதானே வந்து உக்கார்றீங்க."

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் அப்பாவுக்கு டீ கொடுக்கும்போது சொன்னாள்.

"நானும் எழுதட்டுமா?"

"எத?"

"பத்தாவது."

அப்பா டீ புரையேறும்வரை சிரித்தார். அம்மா சிரிக்காமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார். "நெசமாவா சொல்ற? சரி, எழுதேன். யார் வேணாங்கறது?"

கோழிமுட்டை

டுட்டோரியலில் மற்றப் பெண்கள் என்னைக் கிண்டல் செய்தார்கள். "உங்கம்மா ஹோம்வொர்க் முடிச்சிட்டாங்களா? பாத்து எழுதிக்கவா?" என்பார்கள். அம்மாவிடம் சொன்னேன். "குடுக்காத. கஷ்டப்பட்டுப் போட்டிருக்கேன்" என்றாள்.

பகலில் கடையில் கூட்டம் இருக்காது. தகரக் கூரை சுடும். காலி சோடா கிரேட்டைக் கவிழ்த்து வைத்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

அம்மாவுக்குக் கூட்டல் பெருக்கல் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் காம்பஸ் பிடிக்க வரவில்லை. வட்டம் ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பி வராது. "இன்னாடி இது, கோழிமுட்ட மாதிரி ஆவுது" என்பாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, முள்ளை அழுத்தி, மேல் குமிழை மட்டும் இரண்டு விரலால் திருகக் காட்டினேன். அம்மாவின் கையை நான் பிடித்து எழுதவைக்கிறேன் என்பது எனக்கே கூச்சமாக இருந்தது. முதன்முதலாக வட்டம் மூடிக்கொண்டபோது அந்தத் தாளை எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினாள். அவர் யாருக்கோ கற்பூரம் மடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மைனஸ் குழப்பம். முதல் நாள் மாலை தான் கற்றதை அவள் மறுநாள் எனக்குச் சொல்வாள். "பஸ்ஸுன்னு வச்சிக்க. ஏறினவங்க பிளஸ், எறங்கினவங்க மைனஸ். நாலு பேர் எறங்கி மூணு பேர் ஏறினா?" ஒருவர் குறைவார். மைனஸ் ஒன்று. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, பஸ்ஸில் வந்தால் கணக்குப் புரிகிறதே என்று.

தேற்றம் மட்டும் எனக்கு இறங்கவே இல்லை. ஒரு நாள் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன். "பாத்தாலே தெரியுதே! எதுக்கும்மா நிரூபிக்கணும்?"

அம்மா புத்தகத்தை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"உனக்குக் கண்ணுல தெரியுது. உன் கண்ணு அப்பிடி. பேப்பர் திருத்தறவருக்குத் தெரியாது இல்ல? பாவம், அவருக்கு எழுதிக் காட்டு. இதனால இது, இதனால இதுன்னு வழி சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே போ."

வழி சொல்வது. அது எனக்குத் தெரியும். கடைக்கு வருகிற எத்தனை பேருக்கு நான் வழி சொல்லியிருக்கிறேன்! அன்று மத்தியானம் என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு தேற்றத்தைத் தப்பில்லாமல் எழுதினேன். வயிறு வலிக்கவில்லை.

அம்மாவுக்கும் ஒரு பயம் இருந்தது. இங்கிலீஷ். அந்தப் புத்தகத்தைத் திறந்தால் குரைக்கிற நாயைப் பார்த்ததுபோல் ஒதுங்குவாள். "மொதல்ல கணக்க முடிச்சிடலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

கேட்டில்

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

கூட்டத்தில் நீந்திப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட்டைச் சாத்தப் போனார்கள். வாட்ச்மேன் என்னை உள்ளே விட்டுவிட்டு அம்மாவுக்குக் குறுக்கே கை நீட்டினார்.

"கூட வந்தவங்கல்லாம் வெளிய நில்லுங்கம்மா. உள்ள வரக் கூடாது."

"நானும் எழுதறேங்க."

"இன்னாது?"

அம்மா ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். அவர் போட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "காஞ்சனா. நீங்களா? போங்க, போங்கம்மா, மணி அடிக்கப் போவுது!" அவரே அம்மாவுக்கு முன்னால் ஓடி, எந்த ரூம் என்று காட்டிவிட்டு வந்தார்.

நான் வேறு அறை. கேள்வித்தாளைப் பிரித்ததும் முதலில் ஜியாமெட்ரியும் கிராஃபும் போட்டு முடித்தேன். அது என் கை சொல்வதைக் கேட்கிற இடம். பிறகு தேற்றம். எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து, கண் தெரியாமல் தவிக்கிற ஒரு மனிதருக்கு வழி சொல்வதுபோல் ஒவ்வொரு வரியாக எழுதினேன்.

வெளியே வந்தபோது அம்மா வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். விரலெல்லாம் மை. "கடைசிக் கணக்குல மைனஸ் போட்டனா இல்லியான்னு தெரியலடி" என்றாள். வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பெரியப்பா மறுபடி வந்தார்

நான் பாஸ். கணக்கில் ஐம்பத்து நான்கு.

அம்மா கணக்கில் எழுபத்தொன்று. மற்ற பாடமெல்லாம் பாஸ், இங்கிலீஷ் மட்டும் ஃபெயில்.

அப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்று மோர் சும்மா கொடுத்தார்.

ஆனால் பெரியப்பா சொன்னதைக் கேளுங்கள். "பாஸ் ஆயிட்டாளா? ரொம்ப நல்லதாப் போச்சு. மாப்ள வூட்ல இன்னும் சந்தோஷப்படுவாங்க. பிளஸ் ஒன்னு ஜூன்லதானே? அதுவரிக்கும் வூட்ல சும்மாதானே இருக்கப் போறா? தையில முடிச்சிடலாம்."

பாஸ் ஆனாலும் இதுதானா?

அம்மா மெதுவாகச் சொன்னாள். "சும்மா இல்ல மாமா. நான் இங்கிலீஷ்ல ஃபெயிலு. அவதான் எனக்குச் சொல்லிக் குடுக்கணும்."

"உனக்கா? நீ படிச்சி இனிமே இன்னா ஆவப் போவுது?"

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சோடா பாட்டிலைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"எறங்கிட்டோம்ணே. பாதில வுடக் கூடாது. மொதல்ல இவ பாஸ் ஆவட்டும். அப்புறம் பொண்ணு விஷயம் பாக்கலாம்."

பெரியப்பா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி தன்னிடம் முடியாது என்று சொன்னதை அவர் அன்றைக்குத்தான் கேட்டிருப்பார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்ல குடும்பம்டா இது" என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ்பென்னாத்தூர்ப் பையனுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்தது.

நான் பிளஸ் ஒன்னில் புவியியல் இருக்கிற குரூப்பாகப் பார்த்துச் சேர்ந்தேன். அந்த வருஷ அக்டோபரில் அம்மா மறுபடி இங்கிலீஷ் எழுதினாள். மறுபடி ஃபெயில். பெரியப்பா போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகத்தோடு வந்தார். அப்பா அதே பதிலைச் சொன்னார், "மொதல்ல இவ பாஸ் ஆவட்டும்ணே."

நான் பிளஸ் டூ முடித்து, காலேஜில் புவியியல் பட்டப் படிப்பில் சேர்ந்த வருஷம் அம்மா மூன்றாவது தடவை எழுதினாள். முப்பத்தொன்பது மார்க். பாஸ். அதற்குள் பெரியப்பாவே மாறியிருந்தார். அவருடைய பேத்தி நன்றாகப் படிக்க ஆரம்பித்திருந்தாள். "காலேஜ் படிக்கிற பொண்ண நடுவுல நிறுத்தக் கூடாதுடா" என்று அப்பாவுக்கே புத்தி சொன்னார்.

எழுதாமல் விட்ட கேள்வி

இரண்டாயிரத்துக்குப் பிறகு, வேலூரில் வரைபடம் வரைகிற வேலை எனக்குக் கிடைத்தது. நிலத்தின் எல்லையை வரைய வேண்டும், பரப்பைக் கணக்குப் போட வேண்டும். பிடித்த பாடம், பிடிக்காத பாடம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் இன்றுவரை சம்பளம் வாங்குகிறேன்.

வேலையில் சேர நான் புறப்பட்ட அன்று அம்மா பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். வேலூர் பஸ் இன்னும் வரவில்லை. பேச்சு எப்படியோ பழைய பரீட்சைக்குப் போனது.

"கணக்குல அவ்ளோ மார்க் வாங்கின நீ, இங்கிலீஷ்ல எப்படிம்மா ரெண்டு தடவ ஃபெயில் ஆன? ரெண்டாவது தடவைக்கு லீவ் லெட்டர நெட்டுருப் போட்டு வச்சிருந்தியே."

அம்மா கொய்யாப்பழத்தை முந்தானையில் துடைத்து என் பையில் போட்டாள்.

"மொத தடவ நெசமாவே தெரியல. ரெண்டாவது தடவ அந்த லீவ் லெட்டர்தான் கேட்டிருந்தான்."

"அப்புறம்?"

"எழுதல."

நான் அவளையே பார்த்தேன்.

"நீ அப்பதான் பிளஸ் ஒன்னு சேந்திருந்த" என்றாள். "நான் பாஸ் ஆயிட்டா, உங்கப்பா எதச் சொல்லி உங்க பெரியப்பாவத் திருப்பி அனுப்புவாரு?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ பேருக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன். அவளிடம் அந்த வார்த்தை அன்றைக்கும் வரவில்லை.

அம்மாதான் கையை உருவிக்கொண்டாள். "அதுக்காக என்ன மக்குன்னு நெனச்சிடாதடி. எனக்கு முழுசும் தெரியும்."

நிமிர்ந்து நின்றாள். பஸ் ஸ்டாண்டின் அத்தனை இரைச்சலிலும், பரீட்சைக்குப் படித்த அதே ராகத்தில் ஆரம்பித்தாள். "ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்…"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூ விற்கிற அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. ஒரு வரி விடாமல், "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" வரை வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாகத் தன் பெயரையும் சொன்னாள்:

"ஏ. காஞ்சனா. டென்த் ஸ்டாண்டர்ட்."